பன்னிரண்டு பிக்சல் சிவப்பு வளையம்

அக்டோபர் 1, புதன்

கண் டாக்டர் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். "தலைவலி என்னிக்கு வருது, அன்னிக்கு என்ன வேலை செஞ்சீங்க, எல்லாம் ஒரு மாசம் குறிச்சிட்டு வாங்க. அப்புறம் கண்ணாடியை மாத்தறதா வேணாமான்னு பாப்போம்" என்றார். கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி உறை பிரிக்காமல் கிடந்தது. ஒன்பது மாதத்தைக் காலியாகவே தள்ளிவிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறேன்.

டாக்டருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக: பெயர் சாந்தாமணி, வயது நாற்பத்து மூன்று. கோபியில் ஒரு ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். செக்‌ஷன் என்றால் நானும் ஒரு மேசை விசிறியும்தான். ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், பொங்கல் வாழ்த்து, கடையின் வாட்ஸப் ஸ்டேட்டஸ் எல்லாம் என் கை. தினமும் பத்து மணி நேரம் திரையைப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் அரிசியில் கல் தெரிவதில்லை.

இன்று ஆயுத பூஜை. வாட்ச்மேன் மாரப்பண்ணன்தான் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தார். மானிட்டருக்கு நெற்றி எது என்று தெரியாமல் திரைக்கு நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். துடைத்தும் சிவப்பு முழுக்கப் போகவில்லை. மத்தியானம் டிசைனில் ஏதோ புள்ளி விழுந்திருக்கிறது என்று நான்கு முறை அழித்துப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது.

தலைவலி: லேசாக, பொரி சாப்பிட்ட பிறகு.

அக்டோபர் 3, வெள்ளி

தீபாவளிக்கு செல்ஃபி ஃப்ரேம் வேண்டும் என்று மேனேஜர் சின்னுசாமியின் உத்தரவு. ஆடி மாதம் ஈரோட்டிலிருந்து வந்தவர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது, வேகம் மட்டும் நூறு. சுற்றிலும் விளக்கும் மத்தாப்பும் கடைப் பெயரும் இருக்க, நடுவில் வாடிக்கையாளர் முகம் தெரிய வேண்டுமாம்.

நடுவை வெட்டி எடுத்தால் திரையில் சாம்பலும் வெள்ளையுமாகப் பொடிக் கட்டங்கள் தெரியும். அங்கே ஒன்றுமில்லை, பின்னால் எதை வைத்தாலும் தெரியும் என்று அர்த்தம். அதை பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். நான் அவசரத்தில் ஜேபெக்காக அனுப்பிவிட்டேன். ஜேபெக்குக்கு ஓட்டை என்றால் என்னவென்றே தெரியாது, காலி இடத்தை வெள்ளையால் அடைத்துவிடும். முதலில் படம் எடுத்த குடும்பத்தில் நான்கு பேரும் வெள்ளைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"ஏனுங்கக்கா, மூஞ்சி தெரியறதுக்குத்தானுங்க ஃப்ரேமு. அதையே மூடிப் போட்டீங்களே" என்றார் மேனேஜர்.

இருபது வருஷமாக இதே வேலை. இந்தத் தப்பை இன்னும் செய்கிறேன். மாற்றிக் கொடுத்தேன். வரும்போது சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

தலைவலி: உண்டு. வலது கண்ணுக்கு மேல்.

அக்டோபர் 4, சனி

கூட்டம். உட்கார்ந்து சாப்பிடவில்லை. தலைவலி: மாலையில்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஞாயிறும் கடை. நேற்றைய கூட்டத்தில் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு முகூர்த்தப் பட்டு காணாமல் போயிருக்கிறது. அரக்கு நிறம், கல்யாண வீட்டார் தேர்ந்தெடுத்து எடுத்துவைக்கச் சொன்னது. காலையிலிருந்து மேனேஜர் கேமரா அறையிலேயே இருந்தார். பதினோரு மணிக்கு ஒரு படத்தை என் மேசைக்கு அனுப்பி, பின்னாலேயே ஓடிவந்தார்.

மங்கலான படம். கவுண்டர் முன்னால் இரண்டு பெண்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. இடது பக்கம் நீலச் சேலைக்காரி, ஒரு துணிக் கவரை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள், முகம் தெரிகிறது. வலது பக்கம் இருப்பவள் பாதி திரும்பியிருக்கிறாள், கையில் மஞ்சள் பை. மஞ்சள் பை ஊரில் ஆயிரம் இருக்கும்.

"இவதானுங்கக்கா. சிவப்புல வட்டம் போட்டுக் குடுங்க. வியாபாரிங்க குரூப்புல போட்டா சாயங்காலத்துக்குள்ள ஆள் யாருன்னு தெரிஞ்சுரும்" என்று திரையில் விரலை வைத்தார். விரலின் எண்ணெய் ஒட்டிக்கொண்டது.

வட்டம் வரையும் எலிப்ஸ் டூலை எடுத்து ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுத்தேன். முன்பு எதற்கோ வைத்த ஃபில், உள்ளே நிறம் அடைப்பது, அப்படியே இருந்திருக்கிறது. சிவப்புத் தட்டு ஒன்று வந்து முகத்தை மூடிவிட்டது. ஃபில்லை எடுத்துவிட்டு, ஓரக் கோடான ஸ்ட்ரோக்கை மட்டும் பன்னிரண்டு பிக்சல் தடிமனில் வைத்தேன். நடுப்பகுதி போய் வெறும் வளையம் நின்றது. உள்ளே முகம் தெரிந்தது. வளையம் தனி லேயரில் இருப்பதால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. பிடித்து எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

அதற்குள் மேனேஜருக்கு போன் வந்து வெளியே போய்விட்டார். அவர் காட்டிய ஆள்மேல் போட்டு வைத்தேன். நீலச் சேலைக்காரி.

திரும்பி வந்து பார்த்தார். "ஆமாமா, இந்த மூஞ்சியேதான். பாத்தாலே தெரியுதில்லீங்க?" என்றார். ஜேபெக்காக்கி அனுப்பினேன்.

தலைவலி: வாந்தி வருகிற அளவுக்கு. டீ குடிக்காததால் இருக்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

வேலை முடிந்து ராஜாமணி வீட்டுக்குப் போனேன். ராஜாமணி இவருடைய தங்கை, என் நாத்தனார். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று வைகாசியில் மகளைக் கட்டிக் கொடுத்தவள். இந்த வருஷம் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எடுக்க வேண்டும், சம்பந்தி வீட்டில் குறை சொல்லாதபடி எடுக்க வேண்டும்.

"ஜவுளி எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"எங்கீங்கண்ணி, இன்னும் கடை வீதிப் பக்கமே போகல" என்றாள். சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணியில் மஞ்சள் பை தொங்கியது. கல்யாணத்துக்குத் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. அதன்மேல் இருக்கும் டிசைன் நான் செய்தது: நீள்வட்ட வளையம், உள்ளே மணமக்கள் பெயர், வளையத்துக்கு மேல் ஒரு மயில். மயிலின் வால் வளையத்தைவிட்டுக் கொஞ்சம் வெளியே போயிருக்கும். ராஜாமணி அப்போது சரிசெய்யச் சொன்னாள், நான்தான் அப்படியே விட்டுவிட்டேன்.

காபி நன்றாக இருந்தது. பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தலைவலி: உண்டு.

அக்டோபர் 8, புதன்

படம் வியாபாரிகள் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது. பால்காரர் போனில் இருக்கிறது. இவருடைய அரிசி மில் குரூப்பில் வந்திருக்கிறது. "உங்க கடையாமே? பாத்தா பாவமா இருக்குது, பண்ற வேலையப் பாரு" என்று இவர் எனக்கே காட்டினார். என் வளையம் கொஞ்சம் மங்கியிருந்தது. அனுப்ப அனுப்ப மங்கும். முகம் இன்னும் மங்கியிருந்தது. சிவப்பு மட்டும் தெரிந்தது.

மேனேஜர் அதைப் பெரிதாக அச்சடித்து வாசலிலும் பில் கவுண்டரிலும் ஒட்டச் சொன்னார். ஒட்டினார்கள். யாரும் இன்னும் அவளை அடையாளம் சொல்லவில்லை. வெளியூர்க்காரியாக இருக்கும். அப்படியானால் அவளுக்கு ஒன்றும் ஆகாது.

தலைவலி: உண்டு. மாத்திரை இரண்டு.

அக்டோபர் 10, வெள்ளி

ஃப்ரேம் வேலை. தலைவலி நாள் முழுக்க. சிலிண்டர் வந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

மாலையில் அரை நாள் லீவு. அதிரசத்துக்கு மாவு இடிக்க ராஜாமணி வந்தாள். பாகு பதம் அவளுக்குத்தான் கைவரும், எனக்கு ஒன்று இளகும் அல்லது கல்லாகும். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே செய்தோம். பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரகப்பிரவேசத்தில் வெள்ளிக் குங்குமச் சிமிழ் காணாமல் போய், ராஜாமணியின் பையில் கிடைத்தது. மகள் அப்போது சின்னப் பாப்பா, அவள்தான் விளையாட்டுக்குப் போட்டுவிட்டாள் என்று சொன்னாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் அதைப் பேசியதில்லை. பாப்பாதான் போட்டிருக்கும்.

தலைவலி: உண்டு.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

என் அறைக் கண்ணாடி வழியாகக் கீழ்த்தளம் தெரியும். காலை பதினொன்றரைக்கு ஒரு அம்மா வாசலில் வந்து நின்றாள். அதே நீலச் சேலை. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைத் துணியில் சுற்றிய மூட்டையைக் குழந்தை மாதிரி பிடித்திருந்தாள். சரக்கு இறக்குவதால் பின்வாசலை அடைத்திருந்தார்கள், அதனால் முன்வாசலுக்கு வந்திருக்கிறாள். மாரப்பண்ணன் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

அவளும் சுவரைப் பார்த்தாள். நான் படி இறங்கிக்கொண்டிருந்தேன், அவள் சொன்னது காதில் விழுந்தது. "ஏனுங்க, இது நானாட்ட இருக்குதுங்களே. என்ற படத்தை எதுக்குங்க போட்டிருக்கீங்க?" லேசாகச் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டாம்.

அதற்குள் "புடிச்சாச்சு, புடிச்சாச்சு" என்று யாரோ கத்தினார்கள். ஜவுளி எடுக்க வந்தவர்கள் எல்லாம் போனைத் தூக்கினார்கள். மூட்டையைப் பிடுங்கிப் பிரித்தார்கள். அரக்குப் பட்டு. முந்தானையில் வலைவலையாகக் குஞ்சம் கட்டி, ஒவ்வொரு முடிச்சிலும் பொன் மணி கோத்திருந்தது. இவ்வளவு நெருக்கமான குஞ்சம் நான் பார்த்ததில்லை.

"குஞ்சம் கட்டக் குடுத்தீங்களேங்க. முகூர்த்தம் பக்கம், வெசையா வேணும்னு சொன்னாங்களேங்க. பத்து நாளா வேற வேலை தொடலீங்க" என்று அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னாள். கொடுத்தது யார் என்று மேனேஜர் கேட்டார். அவளுக்குப் பெயர் தெரியவில்லை. "ஒரு புள்ள குடுத்துதுங்க" என்றாள். குஞ்சத்துக்கு அனுப்புகிற புடவைக்கெல்லாம் ஒரு நோட்டு உண்டு. நோட்டில் பார்த்தார்கள். நாலாம் தேதியில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

போலீசுக்குப் போக வேண்டாம், பொருள் வந்தாயிற்று என்று முதலாளி போனில் சொன்னாராம். வெளியே விட்டார்கள். அவள் உடனே போகவில்லை. ரோட்டில் நின்று சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள், பிறகு நடந்தாள். கூலி யாரும் கொடுக்கவில்லை.

தலைவலி: எழுதவில்லை.

அக்டோபர் 15, புதன்

சாப்பாட்டு அறையில் ஜோதிமலர் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதாள். இரண்டாம் மாடி கவுண்டர் பெண்.

"நான்தானுங்கக்கா குடுத்தது. நஞ்சம்மாக்கான்னு எப்பவும் பின்வாசல் வழியா மேல வந்து வாங்கிட்டுப் போவாங்க. அன்னிக்குக் கூட்டத்துல வேற பொடவைன்னு நெனச்சு கவரைப் பிரிச்சுப் பாக்காம குடுத்துட்டேன், நோட்டுலயும் எழுதல. காணாமப் போனது அந்தப் பொடவைன்னு எனக்குத் தெரியாதுங்கக்கா. படத்துல அவங்களப் பாத்த பொறவுதான் பயமா ஆயிருச்சு. சொன்னா வேலை போயிருமில்லீங்க."

போய்ச் சொல் என்றேன். எனக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவள் போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள். நோட்டில் இல்லையென்றால் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம், வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போ என்று மேனேஜர் சொன்னாராம்.

அக்டோபர் 16, வியாழன்

மேனேஜர் இன்று என் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர்.

"அக்கா, அதே படம், அதே வட்டம். மேல ஒரு பச்சை டிக் போட்டு, 'எங்கள் கேமராவுக்குப் பயந்து புடவை திரும்பி வந்தது, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி'ன்னு போடுங்க. தீபாவளி நேரத்துல நம்ம கடை எவ்வளவு உஷாருன்னு தெரியட்டும்."

"திருடின பொடவைக்கு யாராச்சும் குஞ்சம் கட்டிக் கொண்டாந்து குடுப்பாங்களா தம்பி?"

"அதெல்லாம் பாக்கறவங்க கேக்க மாட்டாங்கக்கா." எழுந்தார். "அதுவுமில்லாம, வட்டம் போட்டது நீங்கதானே. நீங்களே இப்பச் சந்தேகப்பட்டா எப்படிங்க?"

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு மறந்துவிட்டது.

ஐந்தாம் தேதி நான் எழுதியது முழுக்க உண்மை இல்லை. மேனேஜர் விரலை வைத்தது நீலச் சேலையின்மேல் அல்ல. "இவதான், இந்தப் பையிலதான் போட்டிருக்கோணும்" என்றார். மஞ்சள் பைக்காரியின்மேல் விரல் வைத்தார். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பையில் நீள்வட்டம் தெரிந்தது. மயிலின் வால் வெளியே போயிருந்தது. வளையத்தை முதலில் ராஜாமணியின்மேல்தான் போட்டேன். உள்ளே அவள் காது, பின்கழுத்து, நான் கொடுத்த கிளிப். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிடித்து இடது பக்கம் நகர்த்தினேன். மவுஸ் அரை அங்குலம்கூட நகர்ந்திருக்காது.

அவர் பார்த்துவிட்டு மாற்றச் சொல்வார் என்று இருந்தேன். அவர் இந்த மூஞ்சியேதான் என்றார்.

டாக்டரிடம் இந்த டைரியைக் காட்ட முடியாது.

அக்டோபர் 17, வெள்ளி

பச்சை டிக் இன்னும் போடவில்லை. பைல் திறக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

மாலையில் ராஜாமணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்னால் அழுவாள், நன்றி சொல்வாள் என்றெல்லாம் ஏதோ நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது. அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப என்னையத் திருடின்னு நெனச்சுட்டீங்க."

"இல்ல, உன்னையக் காப்பாத்தத்தான்..."

"திருடியிருந்தாத்தானுங்கண்ணி காப்பாத்தோணும்?"

அன்று கடைக்கு வந்ததை ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். பட்டின் விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் இறங்கிப் போயிருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் ஸ்டாஃப் தள்ளுபடி கேட்டு நான் மேனேஜரிடம் தொங்குவேன், அந்தச் சங்கடம் எனக்கு வேண்டாம் என்று மறைத்தாளாம். சிமிழையும் சொன்னாள். "அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க மட்டும் சிரிக்கல. எனக்கு அப்பவே தெரியும்."

காபி போடவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 18, சனி

ஜோதிமலரிடம் வழி கேட்டு, கடைக்குப் போகும் முன் பாரியூர் ரோட்டில் நஞ்சம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை ஓட்டு வீடு. சுவரில் வரிசையாக ஆணி, குஞ்சம் கட்டப் புடவையை மாட்டுகிற ஆணிகள். எல்லாம் காலி. வேறு இரண்டு கடைக்காரர்களும் கொடுத்திருந்த புடவைகளை வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடையிலிருந்து வருகிறேன் என்றதும் கூலி கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துப் பாயை விரித்தாள். அந்த வட்டத்தைப் போட்டது நான் என்று சொன்னேன். சொல்ல நேரம் பிடித்தது, வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னேன். ஏன் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அதை அழிச்சுப் போடுங்கம்மிணி" என்றாள்.

"அழிக்க முடியாதுங்க. அனுப்பறப்பவே படத்தோட ஒட்டிக்கும். ஊரெல்லாம் போயிருச்சு."

"உங்ககிட்ட இருக்கறதுல?"

"என்கிட்ட இருக்கறதுல எடுத்துரலாம். வட்டம் தனியா, படம் தனியா இருக்குது."

"அப்ப என்ற மகனுக்கு மட்டும் அதை அனுப்புங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான். அங்க குரூப்புல வந்துருச்சாமா. தீபாவளிக்கு வரலேன்னு சொல்லிப் போட்டான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மிணி."

அவள் மகன் பெயர் தாமோதரன். நம்பர் வாங்கிக்கொண்டு வந்து, வளையத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். மரியாதையாகத்தான் பேசினான்.

"ரவுண்டை எடுத்துட்டா ஆச்சுங்களா? எங்கம்மாவைக் காப்பாத்த நானே எடுத்துட்டேன்னு சொல்லுவாங்க. இங்க என்னைய எல்லாரும் எப்படிப் பாக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாங்க? யாரு போட்டாங்க, எதுக்குப் போட்டாங்கன்னு போட்டவங்க சொல்லோணும். சொல்லச் சொல்லுங்க."

சரிங்க என்றேன். போட்டது நான்தான் என்று அவனிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

விடிந்தால் தீபாவளி. கடையில் நாற்காலி போட இடமில்லை. இவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "வேலை போயிரும்" என்றார். "போயிரும்" என்றேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "ராஜாமணி பேரு வேண்டாம்" என்றார். வராது என்றேன்.

என் அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவை எடுத்தேன். எலிப்ஸ் டூல். ஃபில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், எடுத்துவிட்டேன். ஸ்ட்ரோக் பன்னிரண்டு, அதே சிவப்பு. புதிதாக வரையத் தேவையே இல்லை, பழைய பைலிலிருந்து அந்த லேயரையே இழுத்துக்கொண்டு வந்து வைக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்படியே செய்தேன். அளவு சரியாக இருந்தது. உள்ளே என் முகம், கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டு.

கீழே எழுதினேன்:

"நஞ்சம்மாள் என்பவர்மேல் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியது நான். அவர் திருடவில்லை. கடை கொடுத்த புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அவர்மேல் போடச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேறொருவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நானே போட்டேன். தவறு என்னுடையது. சாந்தாமணி, கம்ப்யூட்டர் செக்‌ஷன்."

எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். கடை ஸ்டேட்டஸிலும் எல்லா வாடிக்கையாளர் குரூப்பிலும் போட்டேன். தாமோதரனுக்குத் தனியாக அனுப்பினேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மேசை விசிறியை நிறுத்திவிட்டுப் படி இறங்கினேன். வாசலில் ஒட்டியிருந்ததையும் கிழித்தேன். மாரப்பண்ணன் தடுக்கவில்லை, நகத்தால் பசையைச் சுரண்ட உதவினார்.

பஸ் ஏறுவதற்குள் மேனேஜர் பதினேழு முறை கூப்பிட்டுவிட்டார். பதினெட்டாவது முறை எடுத்தேன். இனி வர வேண்டாம் என்றார். பாவம், முதலாளி அவரையும் பிடித்திருப்பார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அதிரசம் இந்த முறை நன்றாக வந்திருக்கிறது, ராஜாமணி கை. அவள் வரவில்லை.

மத்தியானம் புது நம்பரிலிருந்து நஞ்சம்மாள் பேசினாள். "தாமு காலையில வந்துட்டானுங்க" என்றாள். அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்டோபர் 23, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். அரிசியில் கல் பொறுக்கினேன். ரேஷன் கார்டைத் தேடி எடுத்து வைத்தேன். வேலை கேட்டு இரண்டு பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் போன் செய்தேன். ஒருவர் பெயரைக் கேட்டதும் பிறகு சொல்கிறேன் என்றார். காரணம் அப்போது புரியவில்லை.

சாயங்காலம் ராஜாமணி கூப்பிட்டாள். ஆறு நாளைக்கு அப்புறம் இப்போதுதான் பேசுகிறாள். அண்ணி என்று சொல்லவில்லை.

"எங்க சம்பந்தி குரூப்புல ஒரு படம் வந்திருக்குதுங்க. உங்களுது. அனுப்பறேன், பாருங்க."

பார்த்தேன். என் முகம், வளையம். கீழே நான் எழுதியதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள்: "கோபி ஜவுளிக்கடையில் பட்டுப் புடவை திருடிய பெண். உஷார். மற்ற குரூப்புகளுக்கும் அனுப்பவும்."

ராஜாமணி லைனிலேயே இருந்தாள். "அது அப்படியில்லேன்னு நான் குரூப்புல எழுதினேன். அவங்க எழுத்தைப் படிக்கறதில்ல. வட்டத்தத்தான் பாக்கறாங்க" என்றாள். அழுதிருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது.

"நஞ்சம்மா படம்? அது இன்னும் வருதா?"

"அது இப்ப வர்றதில்லீங்கண்ணி. ரெண்டு நாளா எல்லாரும் உங்களுதத்தான் அனுப்பறாங்க."

அவள் வைத்த பிறகு படத்தை மறுபடி திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பல கை மாறி வந்திருப்பதால் ஓரமெல்லாம் மங்கியிருந்தது. ஆனாலும் வளையம் நடுவில் சரியாக உட்கார்ந்திருந்தது. உள்ளே முகம் தெளிவாகத் தெரிந்தது, வளையம் வேறு எவர்மேலும் இடிக்கவில்லை.

டாக்டருக்குத் தேதிகளை மட்டும் தனித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தலைவலி: இன்று இல்லை.